வரவு செலவு: மருமகன் கொண்டு வந்த கடதாசி



சென்ற மாதம் என் தங்கையின் மகன் ஒரு கடதாசியோடு வீட்டுக்கு வந்தான். பாடசாலைக் காலத்தில் தமிழ்த் தினப் போட்டிகளில் பாடிப் பரிசு வாங்கிய பிள்ளை. இப்போது தானே எழுதிப் பாடுகிறான். வீட்டிலேயே ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அமைக்க ஆசை. "மாமா, இந்தக் கணக்கு சரியா என்று பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

கடதாசியில் பதினேழு சாமான்கள் இருந்தன. அடியில், பணம் வரும் வழி என்ற இடத்தில், "உம்மாவின் காப்பு 2" என்று எழுதியிருந்தான். அடகு வைக்கத் தங்கையும் சம்மதித்து விட்டாளாம்.

நான் ஏசவில்லை. பேனையை எடுத்துக் கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டோ பேச்சோ பாடமோ பதிவு செய்ய விரும்பும் பிள்ளைகள் உங்கள் வீடுகளிலும் இருப்பார்கள். ஆகவே அன்று நாங்கள் போட்ட கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், ஒரே நேரத்தில் எத்தனை பேரின் ஒலியைப் பதியப் போகிறீர்கள் என்று கேளுங்கள். மருமகன் தனியே பாடுபவன். ஒவ்வொரு குரலாகப் பதிந்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கொள்ளலாம். அவனுக்குப் பெரிய மிக்ஸர் எதற்கு? மைக்கின் ஒலியைக் கணினிக்கு ஏற்றதாக மாற்றித் தரும் சிறிய ஓடியோ இன்டர்பேஸ், இரண்டு மைக் பொருத்தக் கூடியது, போதும். மென்பொருளுக்கும் பணம் வேண்டாம். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓடாசிற்றி இன்றும் இலவசமே.

அடுத்தது மைக். அவன் எழுதியிருந்தது கண்டென்ஸர் மைக். அது நுட்பமானது; இயங்குவதற்கு இன்டர்பேஸிலிருந்து 48 வோல்ட் மின்சாரமும் வேண்டும். ஆனால் பாடகனின் மூச்சோடு மின்விசிறி, முச்சக்கர வண்டி, அடுத்த வீட்டுச் சேவல் எல்லாவற்றையும் சேர்த்தே பதிந்துவிடும். சந்தடியுள்ள வீட்டுக்கு டைனமிக் மைக்தான் உகந்தது. வாயருகே வைத்துப் பாடினால் சுற்றுச் சத்தம் குறைவாகவே விழும். 1966 இல் அறிமுகமான ஷூர் எஸ்.எம். 58 இந்த வகையைச் சேர்ந்தது.

மூன்றாவது, அறை. இதற்கு அவன் ஒரு சதமேனும் ஒதுக்கவில்லை. வெறும் சீமெந்துச் சுவரும் தரை ஓடும் குரலைத் திருப்பி அடிக்கும். எவ்வளவு விலையான மைக்கும் அதைத் திருத்தாது. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதால் பயனில்லை. அவை வெளிச் சத்தத்தைத் தடுக்காது. உடுப்பு நிறைந்த அலுமாரி, நிமிர்த்தி வைத்த பஞ்சு மெத்தை, தடித்த திரை ஆகியவை எதிரொலியைக் குறைக்கும். வெளிச் சத்தத்துக்கு நேரம்தான் மருந்து. இஷாவுக்குப் பின் தெரு அடங்கியதும் பதிவு செய்யலாம்.

பின்பு கையிலுள்ள பணத்தை நூறு பங்காக வைத்துப் பிரித்தோம். இன்டர்பேஸுக்கு 30, மைக்குக்கு 25, காதை நன்றாக மூடும் ஹெட்போனுக்கு 15, மைக் தாங்கி, வயர் முதலியவற்றுக்கு 10, அறைத் திரைக்கு 10. மீதி 10 கையிருப்பு. வயர் பழுதானாலும், பதிந்தவற்றின் பிரதியைச் சேமிக்க ஹார்ட் டிஸ்க் தேவைப்பட்டாலும் அந்தப் பத்துதான் கைகொடுக்கும். பெரிய ஸ்பீக்கர்களைப் பிறகு வாங்கலாம்.

"இவ்வளவு குறைவான சாமானில் நல்ல பாட்டு வருமா மாமா?" என்று கேட்டான். ஒரு செய்தி சொன்னேன். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூ ஜேர்சியிலிருந்த வாடகை வீட்டின் படுக்கையறையில், நான்கு தடக் கசற் கருவியில், இரண்டு சாதாரண மைக்குகளோடு சில பாடல்களை மாதிரிக்காகப் பதிந்தார். பின்னர் ஸ்டூடியோவில் குழுவோடு மீண்டும் பதிந்து பார்த்தும் திருப்தி வரவில்லை. கடைசியில் அந்தக் கசற் பதிவே அவ்வாண்டு செப்டெம்பரில் 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தட்டாக வெளிவந்தது.

காப்பு விடயத்தையும் பேசினோம். இந்தச் சாமான்கள் இறக்குமதியாகின்றவை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதை நாம் மறக்கவில்லை. அந்த ஆண்டு இந்தப் பட்டியலைப் போட்டவர்கள் இரண்டு மாதத்தில் அதைக் கிழித்தெறிந்திருப்பார்கள். விலை ஏறுமுன் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் அதனால்தான் வருகிறது. ஆனால் அடகுக்கு வட்டி மாதாமாதம் ஏறும். பாட்டு மாதாமாதம் காசு தருமா? உழைப்பில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாக வாங்கினால், பாட்டு ஓடாவிட்டாலும் கடன் இராது. முதல் மாதம் திரையும் ஹெட்போனும்; அதுவரை கைத்தொலைபேசியிலேயே பதிந்து பழகலாம்.

பதினேழு சாமான்கள் ஆறாகின. அடியிலிருந்த வரியை அவனே கோடு போட்டு வெட்டினான். போகும்போது, "உம்மாவிடம் நீங்களே சொல்லுங்க மாமா" என்றான். அன்றிரவே தங்கையோடு பேசினேன். அவள் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "தாரதுக்கு எனக்குக் கவலையில்ல காக்கா. அவன் பாட்ட விட்டுடுவானோ என்டுதான் பயந்தன்" என்றாள்.

உங்கள் பிள்ளையும் ஒரு நாள் இப்படியொரு கடதாசியை நீட்டக்கூடும். விலையைப் பார்த்துத் திகைக்குமுன், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை கூட்டிக் கழித்துப் பாருங்கள்.