சேலையூர் விட்டுக்கொடுத்த பாம்புப் பண்ணை

கிண்டி பாம்புப் பண்ணைக்குப் பிறந்த வீடு கிண்டி அல்ல, தாம்பரத்தை ஒட்டிய நம் சேலையூர். பண்ணையை உருவாக்கிய ரோமுலஸ் விட்டேக்கர் அங்கேதான் முதலில் பாம்புகளை வைத்துக் காட்டினார். 1972-ல் பண்ணை கிண்டிக்குப் போனது. பக்கத்துக் காடு தேசியப் பூங்கா ஆனதே 1978-ல்தான். இன்றும் பண்ணையை நடத்துவது லாப நோக்கமற்ற அறக்கட்டளை. காட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது என்பதால், கிண்டிக்கு வரும் குடும்பங்களுக்கு இந்தக் கண்ணாடிப் பெட்டிகள் பெரிய வரம். கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டு மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்று கதை சொல்லும் பாட்டிக்கு, அந்த மெலிந்த பாம்பால் ஆளைக் கொல்ல முடியாது என்று பேரன் எடுத்துச்சொல்லும் இடம் அது. எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு சுலபமாக இதைச் சாதிக்காது. ஆனால் பாடம் இப்போது அதிகம் தேவைப்படுவது சேலையூருக்குத்தான். ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்று ஏரிக்கரை வரை மனை போட்டுவிட்டோம். மழை பெய்தால் சாரையும் தண்ணீர்ப்பாம்பும் வாசற்படிக்கு வருகின்றன. உடனே கம்பைத் தேடுகிறோம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன்: நம் ஊரில் உயிருக்கு உலை வைப்பவை பெரும்பாலும் இந்த நான்கே. அடிபட்டுச் சாவதோ அப்பாவிச் சாரை. (எலி பெருகினால் மட்டும் மாநகராட்சியைத் திட்டுவோம்.) 2021-ல் மாநகராட்சியாகிவிட்ட தாம்பரம், இந்த அறக்கட்டளையை அழைத்துச் சேலையூரில் ஓர் அறையாவது ஒதுக்கித் தரட்டும். ஐப்பசி மழைக்கு முன்பே திறந்தால் இன்னும் நல்லது.