குழாய் வெடித்த பிறகுதானா கண் திறப்பது?



நம் தோட்டங்களில் கான் வெட்டவும், மழையில் சரிந்த மண்ணை வாரிப் போடவும், மறுநடவுக்கு முன் அடிமரங்களைத் தோண்டி எடுக்கவும் பேக்ஹோ என்ற டிராக்டர் வேலை செய்கிறது. அதற்கு முன்பக்கம் வாளி. பின்பக்கம் மண் தோண்டும் நீண்ட கை. பல தோட்டங்களில் அது இருபது, முப்பது வயதைக் கடந்த கிழட்டு இயந்திரம். சாயம் உதிர்ந்திருக்கும், இருக்கை கிழிந்திருக்கும், ஆனாலும் எஞ்சின் ஓடும். "ஓடுகிறவரை ஓடட்டும்" என்று நிர்வாகமும் சொல்லுகிறது, நாமும் சொல்லுகிறோம்.

அந்தச் சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. எஞ்சின் கெட்டால் புகை காட்டும், சத்தம் காட்டும். ஆனால் வாளிக்கும் கைக்கும் பலம் கொடுக்கும் எண்ணெயைச் சுமந்து செல்லும் ஹைட்ராலிக் ஹோஸ்கள், கெட்டதைச் சொல்லாமலே கெடும். அவற்றை வயது பார்த்து, மொத்தமாக மாற்ற வேண்டும். வெடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்பதே நான் சொல்ல வந்த விஷயம்.

"இது டிரைவர் பாடு, பிட்டர் பாடு, எனக்கென்ன?" என்று பால்வெட்டுத் தோழர் கேட்கலாம். "நான் பேனா பிடிப்பவன், எனக்கும் ஸ்பேனருக்கும் என்ன உறவு?" என்று கிராணியார் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான். முப்பது ஆண்டுகள் தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்த்தேன். என் கையெழுத்தால் நடந்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1997-ஆம் ஆண்டு. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். பட்டறையில் இருந்த பிட்டர், எங்களுக்கெல்லாம் மூத்தவர், ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டுவந்தார். "கிராணியாரே, பேக்ஹோவுக்கு ஒன்பது ஹோஸ் வேணும். எல்லாம் வெடிப்பு விட்டுப் போச்சு. ஒண்ணொண்ணா மாத்தினா கட்டாது, மொத்தமா போட்டுடுங்க" என்றார். நானும் மாதச் சாமான் பட்டியலில் எழுதினேன். பட்டியலைப் பார்த்த மானேஜர், "இரண்டு வருஷத்தில் இரும்புக் கடைக்குப் போகிற இயந்திரத்துக்கு ஒன்பது ஹோஸா? ஒழுகுவதை மட்டும் வாங்கு" என்றார். ஒன்பதை அடித்து ஒன்று என்று எழுதினேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறு வாரம் கழித்து வேறொரு ஹோஸில் கசிவு கண்டது. எங்கே கசிகிறது என்று தெரியவில்லை. டிரைவருக்கு உதவியாளாக இருந்த பையன், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஹோஸைக் கையால் தடவிப் பார்த்தான். "முள்ளு குத்தின மாதிரி இருக்குண்ணே" என்று விரலை உதறினான். ஊசிமுனை அளவு புள்ளி, இரத்தம்கூட வரவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து தடவி அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு கை வீங்கியது. மறுநாள் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது காலம் கடந்துவிட்டது. ஆட்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். அவன் ஒரு பால்வெட்டுக்காரரின் மகன்.

விபத்து அறிக்கை எழுதும் வேலையும் என்னிடமே வந்தது. "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அந்த வரி முழு உண்மை அல்ல என்பது எனக்குத் தெரியும். பெரிய கவனக்குறைவு ஆறு வாரத்துக்கு முன்பே, ஒன்பதை ஒன்றாக்கிய பேனாவில் நடந்து முடிந்திருந்தது.

அந்தச் சிறு புள்ளியில் நடந்தது என்ன? கார் சக்கரத்தில் அடிக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு. பழைய பேக்ஹோவின் ஹோஸில் ஓடும் எண்ணெயின் அழுத்தம் வழக்கமாக 2,000 முதல் 2,500 பவுண்டு வரை. அந்த ஹோஸில் மயிரிழை அளவு ஓட்டை விழுந்தால், வெளியே வரும் எண்ணெய் ஊசியைவிடக் கூர்மையாகப் பாயும். தோலைத் துளைத்து உள்ளே போய், விரலின் நரம்பு வழியாக உள்ளங்கை வரை பரவும். வெளியே ஒரு புள்ளி, உள்ளே நஞ்சு. சில மணி நேரத்துக்குள் அறுத்துச் சுத்தம் செய்தால் விரல் பிழைக்கலாம். தாமதித்தால் விரலும் போகும், கையும் போகும். ஆகவே அப்படிக் குத்துப்பட்டவரை வலி இல்லாவிட்டாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். "முள் குத்தியது" என்று சொல்லக் கூடாது. "அழுத்தமுள்ள இயந்திர எண்ணெய் தோலுக்குள் பாய்ந்துவிட்டது" என்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இனி, ஹோஸ் ஏன் கெடுகிறது என்பதைப் பார்ப்போம். அது மூன்று பகுதி உடையது. உள்ளே எண்ணெய் ஓடும் ரப்பர்க் குழல். அதன்மேல் எஃகுக் கம்பிப் பின்னல். அதற்கும் மேல் வெயில் மழையைத் தாங்கும் ரப்பர் உறை. உள்குழல் நம் மரத்துப் பாலில் செய்ததல்ல. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிக் கெட்டுவிடும் என்பதால், நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். அதுவும் வருஷக்கணக்கில் சூடான எண்ணெயில் கிடந்தால் இறுகி உடையத் தொடங்கும். மேலுறை வெயிலில் வெடிக்கும். வெடிப்பின் வழியே மழைநீர் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும். பாரத்தைத் தாங்குவது ரப்பர் அல்ல, அந்தக் கம்பிதான். துருப்பிடித்த கம்பி உள்ளே ஒவ்வொன்றாக அறும்போது வெளியே இருப்பவனுக்கு என்ன தெரியும்?

இந்த நாட்டு வெயிலும் மழையும் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜெர்மனியின் டின் 20066 என்ற தரவிதி, ஹோஸின் ஆயுள் ஆறு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அந்த ஆறில், ஸ்டோரில் சும்மா கிடக்கும் காலம் இரண்டு ஆண்டுக்கு மேற்படக் கூடாது. ஹோஸின் மேல் அதன் அளவும், தாங்கும் அழுத்தமும், செய்த காலமும் அச்சிட்டிருக்கும். உங்கள் தோட்டத்துப் பேக்ஹோவில் அந்த எழுத்தைத் தேடிப் பாருங்கள். எழுத்தே அழிந்துபோயிருந்தால், அதுவே வயதுக்குச் சாட்சி.

"வெடித்த பழைய ஹோஸ்கூட இன்னும் ஓடுகிறதே" என்று வாதிப்போர் உண்டு. உண்மைதான். புது ஹோஸைச் செய்கிறபோதே, அதன் வேலை அழுத்தத்தைப்போல் நான்கு மடங்குக்குக் குறையாத அழுத்தத்தில்தான் வெடிக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் செய்கிறார்கள். அந்த நான்கு மடங்கு தொழிலாளியின் உயிருக்கு வைத்த காவல். அதை வருஷா வருஷம் தின்று தீர்த்து, சிக்கனம் என்று கணக்குக் காட்ட யாருக்கும் உரிமை இல்லை.

"பழைய டிராக்டருக்கு உதிரிப் பாகம் கிடைப்பதில்லை" என்பது இன்னொரு சாக்கு. கியருக்கு அது பொருந்தலாம், ஹோஸுக்குப் பொருந்தாது. பழையதை மாதிரி காட்டினால் அதே நீளத்தில், அதே முனையோடு புதிதாக அழுத்திக் கொடுக்கும் கடைகள் பட்டணங்களில் இருக்கின்றன. மறையை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். பிரிட்டிஷ் இயந்திரத்தின் மறையும் அமெரிக்க இயந்திரத்தின் மறையும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும். வலிந்து முறுக்கினால் ஏறவும் ஏறும். அழுத்தம் வந்ததும் பிடுங்கிக்கொள்ளும். அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். அரை அங்குல ஹோஸில் ஒற்றைக் கம்பிப் பின்னல் உள்ளது சுமார் 2,300 பவுண்டு வேலைக்கு. இரட்டைப் பின்னல் உள்ளது சுமார் 4,000 பவுண்டு வேலைக்கு. இரட்டை இருந்த இடத்தில் விலை குறைவென்று ஒற்றையைப் போடுவது சிக்கனம் ஆகாது.

நிர்வாகத்தை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. நம்மிலும் சிலர் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, கிளிப்பு போட்டு இறுக்கி, "என் கைக்கு ஹோஸ் அடங்கிவிட்டது" என்று பெருமை பேசுகிறோம். 2,000 பவுண்டு அழுத்தம் சைக்கிள் டியூபுக்கு அடங்காது. அந்த ஒட்டு வேலை நம் திறமையைக் காட்டவில்லை. ஹோஸ் வாங்காமலே காலம் தள்ளலாம் என்று நிர்வாகத்துக்கு நாமே எழுதிக் கொடுத்த சீட்டு அது.

மாற்றும் வேலைக்கும் ஒரு முறை உண்டு. முதலில் வாளியையும் பின்கையையும் தரையில் இறக்க வேண்டும். தாங்குகால்கள் பாரம் சுமக்காதபடி வண்டி தன் சக்கரத்தில் நிற்க வேண்டும்; சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திய பிறகு எல்லா லீவர்களையும் முன்னும் பின்னும் பலமுறை அசைத்து, உள்ளே தங்கிய அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். தூக்கிய கை தூக்கியபடி இருக்க ஹோஸைக் கழற்றினால், அது கழற்றியவன் மேலேயே விழும். எண்ணெய் ஆறும்வரை பொறுக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஹோஸுக்கும் ஓர் அடையாளச் சீட்டு கட்ட வேண்டும். இடம் மாறிப் பூட்டினால் லீவரை ஒரு பக்கம் தள்ள, கை மறுபக்கம் போகும்.

மண்ணைத் துடைத்து, திறந்த வாய்களை உடனே அடைக்க வேண்டும். உள்ளே போகும் மணல் பம்ப்பையே தின்றுவிடும். பூட்டும்போது ஒரு ஸ்பேனர் பிடிக்கவும் மற்றொன்று திருகவும் இரண்டு வேண்டும். ஹோஸ் முறுக்கிக்கொள்ளக் கூடாது. அதன் மேலுள்ள எழுத்துக்கோடு நேராக ஓட வேண்டும். அழுத்தத்தில் ஹோஸ் சற்றே சுருங்கும். ஆகையால் விறைப்பாக இழுத்துப் பூட்டாமல் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். பின்கை இடமும் வலமும் திரும்புகிற அச்சின் அருகே உராய்வு அதிகம். அங்கே தனிக் கவனம் வேண்டும். முடிந்ததும் எண்ணெய் அளவு பார்த்து, எஞ்சினை மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு லீவரையும் நிதானமாக இயக்கிக் காற்றை வெளியேற்றி, மறுபடி அளவு பார்க்க வேண்டும். கசிவு தேட அட்டையோ மரத்துண்டோ நீட்டலாம். கை நீட்டக் கூடாது. இறுக்க வேண்டுமானால் எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை விடுவித்த பிறகே இறுக்க வேண்டும்.

இதற்குச் சட்டத் துணை இல்லையா? இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், இயந்திரத்தையும் வேலைமுறையையும் ஆபத்தின்றி வைத்திருக்கும் கடமையை முதலாளிமேல் வைக்கிறது. பாதுகாப்புக்காகச் செய்யும் செலவைத் தொழிலாளியிடம் பிடிக்கக் கூடாது என்றும் சொல்லுகிறது. 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தப்படி, உடனடி ஆபத்து உண்டென்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்கத் தவறினால், அந்த வேலையை விட்டு விலகி நிற்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. நூல்விட்ட ஹோஸின் கீழே கானில் இறங்கி நிற்க மறுக்கும் தோழர் அடங்காதவர் அல்லர், சட்டம் அறிந்தவர்.

ஆகவே நாம் கேட்பது மூன்றுதான். ஒன்று: ஒவ்வொரு பேக்ஹோவுக்கும் ஒரு ஹோஸ் பதிவேடு வேண்டும். எந்த ஹோஸ், என்ன அளவு, எந்தத் தேதியில் பூட்டியது என்று கிராணியார் எழுதி வைக்க வேண்டும். இரண்டு: ஆறு வயது முடிந்தவை ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும் மொத்தமாக மாற வேண்டும். ஒரே நாளில் பூட்டிய ஹோஸ்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்; ஒன்று போனால் மற்றதும் போகும். மூன்று: பிட்டரோ டிரைவரோ எழுதிக் கொடுத்த கோரிக்கையை மறுத்தால், மறுத்தவர் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாய்ச்சொல்லால் அடிக்கப்பட்ட வரிக்குப் பொறுப்பேற்க ஆள் இருப்பதில்லை. இதை என் அனுபவத்தில் சொல்லுகிறேன்.

கிராணித் தோழர்களே! நாளைக்கு உங்கள் மேசைக்கும் ஒரு துண்டுக் காகிதம் வரலாம். அதில் உள்ள எண்ணை அடிக்கச் சொன்னால், "நீங்களே அடித்துக் கையெழுத்துப் போடுங்கள், ஐயா" என்று பணிவாகப் பட்டியலை நீட்டுங்கள். பால்வெட்டுத் தோழர்களே! கானில் இறங்கும் முன் ஒருமுறை தலை நிமிர்ந்து அந்த ஹோஸ்களைப் பாருங்கள். கம்பி தெரிந்தால் பெரட்டிலேயே சொல்லுங்கள்.

அந்தப் பையன் இன்று நடுவயது மனிதன். சென்ற ஆண்டு ஒரு கல்யாண வீட்டில் என்னைக் கண்டு, "கிராணி ஐயா" என்று வணங்கினான். கூப்பிய கைகளில் ஒன்பது விரல்கள். நான் அன்று அடித்த எண்ணும் ஒன்பது.