அழையாது வந்த வழித்துணை

நாயொன்றைப் பற்றி எழுதப் புகுந்தேன் என்றவுடன், தமிழ் பயிலும் மாணவனுக்கு வேறு பொருள் கிடைத்திலதோ என்று என் அறைத்தோழர் நகைத்தார். பொருள்கள் பல கிடைத்தன. ஆயினும் இந்த நாய் சில திங்களாக என் நினைவை விட்டகலாது தொடர்ந்து வருகின்றமையால், எழுதித் தீர்ப்பதன்றி வேறு வழி கண்டிலேன். அன்றியும், யான் சொல்ல வந்தது நாயின் பெருமையன்று. அதனைப் பலர் பலவாறு சொல்லிவிட்டனர். சொன்னதிற் பெரும்பகுதி எனக்கு உடன்பாடும் அன்று.

செய்தி இது. நேபாள நாட்டின் கிழக்கில், எவரெஸ்டுக்கும் மக்காலுவுக்கும் அணித்தாகப் பருன்ட்சே என்னும் பனிமலை ஒன்று உண்டு. அதன் உயரம் 7,129 மீட்டர். அடிக்கணக்கிற் கூறின் 23,389 அடி. 1954-ஆம் ஆண்டில் எட்மண்ட் ஹிலாரியின் தலைமையிற் சென்ற நியூசிலாந்துக் குழுவினர் அதன் முடியை முதன்முதல் அடைந்தனர். அதன் பின்னர் ஏறியோரும், ஏற முயன்று மீண்டோரும் பலர். அவர்களைப் பற்றியெல்லாம் உலகம் மிகுதியாகப் பேசவில்லை. 2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் அம்முடியை அடைந்த ஒரு குழுவைப் பற்றி மட்டும் பல நாட்டுச் செய்தித்தாள்கள் எழுதின. காரணம், அக்குழுவினரோடு தெருநாய் ஒன்றும் முடியேறியமையே. தெருவே இல்லாத இடத்தில் எதிர்ப்பட்டதனைத் தெருநாய் என்பது பொருந்துமோ அறியேன்; உடையவர் இல்லாத நாய் என்று கொள்க.

அக்குழுவின் தலைவர் முன்னர்த் தம்மவரை 6,476 மீட்டர் உயரமுள்ள மேரா சிகரத்துக்கு அழைத்துச் சென்றிருந்தார். அவர்கள் இறங்கி வருங்கால், ஏறத்தாழ 5,300 மீட்டர் உயரத்தில், பனிக்கு நடுவே அந்நாய் எதிரே ஏறி வந்தது. அது பெண்நாய், திபெத்திய மாஸ்டிப் இனமும் இமயத்து ஆட்டுநாய் இனமும் கலந்து பிறந்தது போலும் என்பது கண்டோர் கருத்து. வந்தவர்களுள் தலைவரையே தெரிந்துகொண்டு அவர் பின் சென்றது. அதன் பின்னர் அவரை விட்டு நீங்கவேயில்லை. அவரும் அதற்கு உணவு கொடுத்தார். கூடாரத்துள் இடமும், கீழே விரிப்பும், மேலே போர்த்தத் தம் மேலாடையும் கொடுத்தார். மலையின் பெயரையே இட்டு மேரா என்று அழைத்தனர்.

அடுத்து அவர்கள் பருன்ட்சேயின் அடிவாரப் பாசறையை அடைந்தனர். மலைச்சரிவிற் கயிறு கட்டுதற்பொருட்டு ஷெர்பாக்கள் முன்னதாக மேலே சென்றபோது நாயும் உடன் சென்றது. ஏறுதல் அதற்கு எளிதாயிருந்தது. செங்குத்தான ஓரிடத்தில் இறங்குதற்கு அஞ்சி மேலேயே நின்றுவிட்டது. இரண்டு இரவுகள் அக்குளிரில் அது தனித்துக் கிடந்தது. ஷெர்பாக்கள் மீண்டும் மேலே சென்றபோதே அது அவர்களோடு கீழே வந்து சேர்ந்தது. அவ்விரண்டு இரவுகளும், இனி அதனை உயிரோடு காண்பதில்லை என்றே தலைவர் எண்ணியிருந்தார். பிறகு முடியை நோக்கிக் குழு புறப்பட்ட அன்று, அது தொடராதவாறு பாசறையிற் கட்டி வைத்தனர். கட்டினின்று நழுவி ஓடிவந்து அவர்களைப் பிடித்துக்கொண்டது. முடியையும் அடைந்தது. இறங்கும்போது செங்குத்தான இடங்களில் அதனைக் கயிற்றிற் பிணைத்தே இறக்கினர். அதன் பாதங்களிற் குருதி கசிந்தது.

இச்செய்தியை வெளியிட்டோர் அந்நாயை வீரன் என்றனர். மலையேறுவோருள் ஒருவர் என்றனர். விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டு என்றும் கூறினர். இவ்விடத்திலேதான் யான் மாறுபடுகின்றேன்.

முடி என்பது மனிதன் தன் மனத்திற் கட்டிக்கொண்ட பொருள். நாய்க்கு முடியும் இல்லை, அடியும் இல்லை. தனக்குச் சோறிட்டவர் நிற்கும் இடமே அதற்கு முடி. அவர் சந்தைக்குப் போயிருந்தால் சந்தைக்குப் போயிருக்கும். எனவே 7,129 மீட்டர் என்னும் எண்ணை அதன் கழுத்தில் மாலையாகச் சூட்டுதல், நம் ஆசையை அதன் மேல் ஏற்றிக் கூறுதலேயாம். ஆல்ப்ஸ் மலைகளில் இதற்கு முன்னோடியான நாய் ஒன்று உண்டு. கூலிட்ஜ் என்பாரும் அவருடைய சிறிய தாயாரும் வளர்த்த சிங்கெல் என்னும் பெண்நாய் 1875-ஆம் ஆண்டில் மோன் பிளான் மலையின் உச்சியை அடைந்தது. ஆயின் அதற்கு உடையவர் இருந்தனர்; அவர்களே விரும்பி அழைத்துச் சென்றனர்; அதன் உயிருக்குப் பொறுப்பு யாருடையது என்பதில் ஐயமில்லை. மேராவின் கதையிலோ அவ்வையத்தைத் தவிர வேறொன்றும் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அழையாது வந்த ஒன்றற்கு நாம் கடன்பட்டவர்களா?

கடன் இல்லை என்பாரும் உளர். அது தானே வந்தது, எவரும் கூப்பிடவில்லை, கட்டியும் வைத்தனர், பின்னும் வந்ததெனின் விளைவுக்கு யார் என் செய்வது என்பர். வழக்குமன்றத்தில் இவ்வாதம் வெல்லக்கூடும். ஆயினும் அவ்விடத்தின் இயல்பைச் சிறிது எண்ணுக. ஏழாயிரம் மீட்டர் உயரத்திற் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதிற் பாதியும் இல்லை. திபெத்திய நாயினங்கள் அம்மேட்டுநிலத்து ஓநாய்களோடு கலந்தமையால், குறைந்த காற்றிலும் வாழ்தற்கு உதவும் மரபுக்கூறு ஒன்றைப் பெற்றிருக்கின்றன என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். எனவே மூச்சு வாங்குவதில் அந்நாய் தன்னோடு சென்ற மனிதரினும் நல்வாய்ப்புடையதாக இருந்திருக்கலாம். ஆனால் மனிதர்க்குக் காலணியில் இரும்பு முட்கள் உண்டு. கண்ணைக் காக்கக் கருங்கண்ணாடி உண்டு. இடையிற் கயிறு உண்டு. மேலே மென்பனி மூடிய பிளவு எங்கே வாய் திறந்திருக்கும் என்னும் அறிவும் உண்டு. நாய்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அது எதனை நம்பி அவ்விடம் வந்தது? முன்னே செல்பவரை நம்பி வந்தது. அவர் தந்த முதற்கவளமே அந்நம்பிக்கையை விளைத்தது. கவளம் கொடுத்தபோது அவர் இதனையெல்லாம் கருதியிருக்கமாட்டார். பசித்த உயிருக்கு இரங்கினார், அவ்வளவே. எனினும் கடன் அப்பொழுதே தொடங்கிவிட்டது. அவ்விரண்டு இரவுகளில் அவர் அதனை எண்ணிக் கலங்கினார் அல்லரோ? கடன்படாதவனுக்குக் கலக்கம் ஏது?

நம் நூல்களிலும் இக்கடனைக் காட்டிலும் நாயின் நன்றியையே மிகுதியும் காண்கிறோம். நாலடியாரில், யானை போன்றார் நட்பை விடுத்து நாய் போன்றார் நட்பைக் கொள்ளுக என்று கூறும் செய்யுளை நம்மிற் கற்காதார் இலர். நெடுநாள் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். நாயோ, தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடலிலே தைத்திருக்கும்போதும் அவனைக் கண்டு வாலைக் குழைக்கும் என்பது அதன் கருத்து. வகுப்பில் இச்செய்யுளை முதன்முதற் கேட்டபோது எனக்கு ஒரு வினா எழுந்தது. அவன் ஏன் வேலை எறிந்தான்? செய்யுள் அதனைச் சொல்லவில்லை. உரையிலும் அதற்கு விடை கண்டிலேன். வால் குழைத்ததனைப் புகழ்ந்துவிட்டு, எறிந்த கையை ஒன்றும் வினவாது விட்டுவிடுகிறோம். ஆசிரியரிடம் கேட்டேன், தேர்வில் அவ்வினா வராது என்று புன்னகை செய்தார்.

மறுபுறத்தை வினவிய கதை பாரதத்தில் இருக்கின்றது. பதினேழாம் பருவமாகிய மகாப்பிரஸ்தானிகத்தில், தருமனும் தம்பியரும் திரௌபதியும் அரசு துறந்து இமயத்தை நோக்கி நடக்க, எங்கிருந்தோ வந்த நாயொன்று உடன் நடக்கின்றது. வழியில் ஒருவர்பின் ஒருவராக ஐவரும் வீழ்ந்துபட, தருமன் திரும்பியும் பாராமற் செல்கிறான். இறுதியில் இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டு ஏறுக என்கிறான். தருமன் மறுக்கிறான். உடன்பிறந்தாரையும் மனைவியையும் விட்டு வந்தவனுக்கு நாய் பெரிதோ என்று இந்திரன் கேட்பது நியாயமான கேள்வியே. இறந்தோரை மீட்க என்னால் இயலாது. அவர்கள் உயிரோடிருந்தபோது யான் அவர்களை விட்டிலேன். அடைந்தது ஒன்றனை உயிரோடிருக்கையில் விடுதல் எனக்கு இயலாது என்பது அவன் விடை. அந்நாய் அவனுக்கு முன்னர் யாது நன்மை செய்தது? ஒன்றும் இல்லை. வேட்டையில் உதவவில்லை, வாயிலைக் காக்கவில்லை, உடன் நடந்தது, அவ்வளவே. அவ்வளவே போதும் என்றான் அவன்.

இக்கதையில் எனக்கு ஒரு குறை உண்டு, பெரியோர் பொறுத்தருள்க. முடிவில் அந்நாய் அறக்கடவுளாக உருமாறுகின்றது. அஃது உருமாறாது நாயாகவே நின்று, பசித்து, தேரின் சக்கரத்தை மோந்துகொண்டிருந்திருப்பின் தருமனுடைய பெருமை இன்னும் ஒருபடி உயர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். பருன்ட்சே மலையில் எவ்வுருமாற்றமும் நிகழவில்லை. கீழே இறங்கிய பின்னும் அது பாதம் புண்பட்ட ஒரு நாயாகவே இருந்தது. அதன் பின்னர் நிகழ்ந்தது செய்தித்தாள்களில் இறுதி வரியாக மட்டும் வந்தது. என் மனத்துக்கோ அதுவே முதல் வரி. அடிவாரப் பாசறையை மேற்பார்த்த நேபாள நாட்டினர் ஒருவர் அதனைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டு காட்மாண்டுவுக்கு அழைத்துச் சென்றார். பருன்ட்சேயின் நினைவாகப் பாரு என்று புதுப்பெயரும் இட்டார். மலையுச்சியிற் கொடி நட்டுப் படம் எடுத்துக்கொள்ளச் சில நிமிடங்கள் போதும். ஒரு நாயை வைத்துக் காப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வேண்டும்.

நேபாள மக்கள் திகார்ப் பண்டிகையின் ஒரு நாளை நாய்களுக்கென்றே ஒதுக்கியிருக்கின்றனர். அன்று நெற்றியிற் பொட்டும் கழுத்தில் மாலையும் இட்டு நல்லுணவு படைப்பர். 2018-ஆம் ஆண்டில் அவ்விழா, மேரா முடியேறியதற்குச் சில நாள் முன்னரே நிகழ்ந்தது. அழகிய வழக்கம். ஆனால் மாலை வாடிய மறுநாளும் அந்நாய்கள் தெருவில் இருக்கின்றன என்பதையும் நினைத்தல் வேண்டும்.

இனி, எதிர்வாதங்களுள் வலிமையுடையது ஒன்றனை மறைத்தல் கூடாது. மலைவழியிற் செல்வோர் ஒவ்வொருவரும் இரக்கத்தாற் பிஸ்கோத்து எறிந்துவிட்டுப் போவதன் பயன் யாது? லடாக்கிலும் ஸ்பிதியிலும் நேர்ந்திருப்பதைக் காண்க. பாசறைகளிலும் விடுதிகளிலும் எஞ்சிய உணவைத் தின்று நாய்கள் பெருகின; வருவோர் குறையும் குளிர்காலத்தில் அவை கூட்டமாகத் திரிந்து ஊரார் ஆடுகளையும் காட்டு விலங்குகளையும் துரத்திக் கொல்கின்றன; பனிச்சிறுத்தையையும் அதன் இரையிலிருந்து விரட்டுகின்றன. வெறிநோய் அச்சமும் உண்டு. ஆதலின் நாய்க்கு ஒன்றும் கொடாது கடந்து போவதே அறம் என்று சிலர் கூறுவது கொடுமையன்று. யான் அதனையும் ஒப்புக்கொள்கிறேன். கடந்து போகிறவனிடம் நாய் ஏமாறுவதில்லை. கொடுத்துப் பழக்கிவிட்டுக் கடந்து போகிறவனிடமே அது ஏமாறுகின்றது. இவ்விருவருள் முன்னவனைக் கல்நெஞ்சன் என்றும் பின்னவனை அருளாளன் என்றும் நாம் அழைத்து வருகிறோம்.

இதனை எழுதும் எனக்கும் தகுதி இல்லை. எங்கள் விடுதிச் சமையலறையின் பின்புறத்தில் மணி என்னும் செந்நிற நாய் ஒன்று இருப்பதைப் பலர் அறிவர். சூன் முதல் ஏப்ரல் வரை எங்கள் இலைகளில் எஞ்சியதே அதற்கு உணவு. ஞாயிறுதோறும் எலும்பும் உண்டு. பெரும்பாலும் யானே கொண்டுபோய் இடுவேன். சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், மறந்து விட்டுச் சென்ற புத்தகங்களை எடுக்க ஒருநாள் வந்தேன். விடுதி பூட்டிக் கிடந்தது. சமையலறையின் படியில் மணி படுத்திருந்தது. விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வாலைக் குழைத்தது. காவற்காரப் பெரியவர், “தம்பி, நான் கொடுக்கிறதை இது தின்கிறதில்லை. ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது” என்றார். பேருந்து நிறுத்தம்வரை அது என் பின்னே வந்தது. கையில் ஒன்றும் இல்லை. பேருந்து வந்தது, ஏறிவிட்டேன். பின்கண்ணாடியின் வழியே பார்க்கத் துணிந்திலேன்.

இவ்வாண்டு நாங்கள் நால்வர் சேர்ந்து, விடுமுறை நாட்களுக்கு அரிசியும் பணமும் பெரியவரிடம் ஒப்படைப்பதென்று பேசி வைத்திருக்கிறோம். அவர் கையால் உண்ண இப்பொழுதிருந்தே அதனைப் பழக்க வேண்டும் என்கிறார். மாலைதோறும் அவரோடு போய் நிற்கிறேன். மூன்று நாளாகத் தட்டை மோந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கின்றது. விடுமுறைக்கு இன்னும் ஆறு கிழமைகள் உள்ளன.