ஊர் பேர் அறியாதோர்

முன்பின் அறியாத ஒருவர் நம் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால், திண்ணையிலிருக்கும் மூத்தோர் அவரிடம் முதலிற் கேட்பவை இரண்டே கேள்விகள். "தம்பி எந்த ஊர்? ஆருடைய மகன்?" இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் வந்தவர் அந்நியர் அல்லர். அவரை இருத்தித் தேநீர் கொடுத்து, பேச்சு முடிவதற்குள் ஏதாவதொரு வழியில் உறவும் கண்டுபிடித்துவிடுவார்கள். விடை இல்லாதவனையே 'ஊர் பேர் தெரியாதவன்' என்று நம் வழக்கு ஒதுக்கிவைக்கிறது. உயிரோடிருப்பவன் இச்சொல்லைப் பொறுத்துக்கொள்ளலாம். நாளைக்கு அவனே வாய்திறந்து தன் பெயரைச் சொல்லக்கூடும். ஊர் பேர் தெரியாமலே மண்ணுக்குள் போய்விட்டவன் என்ன செய்வான்? அவனுக்காகப் பிறர்தாம் வாய்திறக்க வேண்டும்.

அவ்வாறு வாய்திறந்த சிலரைப் பற்றியே இந்த ஞாயிறு எழுத எண்ணினேன். இடம் அமெரிக்கா, காலம் 1861 முதல் 1865 வரை அங்கு நடந்த உள்நாட்டுப் போரும் அதற்குப் பின்வந்த ஆண்டுகளும். உள்நாட்டுப் போர் என்பது வீடுகளை என்ன செய்யும் என்று நம் நாட்டு வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

தென் மாநிலங்கள் அடிமை முறையைக் காத்துக்கொள்ளும்பொருட்டு ஒன்றியத்தினின்றும் பிரிந்தன. வட மாநிலங்கள் அப்பிரிவை ஏற்க மறுத்தன. நான்கு ஆண்டுப் போரில் மடிந்த வீரர் 6 இலட்சத்து 20 ஆயிரம் பேர் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. அதனினும் கூடுதல் என்பர் அண்மைக்கால ஆய்வாளர். அக்காலத்துப் படையணிகள் ஊரூராகவே திரட்டப்பட்டன. ஒரே பள்ளிக்கூடத்திற் படித்தவர்களும் ஒரே தேவாலயத்தில் வணங்கியவர்களும் ஒரே அணியிற் சேர்ந்தார்கள். ஆதலால், ஒருநாட் போரில் ஓர் ஊரின் இளைஞர் பலர் ஒருங்கே மடிந்துபோவதும் உண்டு.

இறந்தவர் இன்னார் என்று காட்டும் தகடு எதனையும் அரசாங்கம் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. பெரும்போர் ஒன்றுக்கு முந்திய இரவிலே சில வீரர்கள் தம் பெயரையும் ஊரையும் காகிதத் துண்டில் எழுதி மேலங்கியில் தைத்துக்கொண்டனராம். சாவுக்கு அஞ்சாதவர்களும் பெயரில்லாச் சாவுக்கு அஞ்சினார்கள். அந்த அச்சம் வீணானதன்று. 1870-ஆம் ஆண்டளவில் வடக்கு வீரர் ஏறத்தாழ 3 இலட்சம் பேரின் உடல்கள் தேசிய மயானங்களிற் சேர்க்கப்பட்டபோது, பத்துப் பேரில் நால்வருக்குப் பெயர் இல்லை.

காகிதத் துண்டு இல்லாத ஒருவரின் கதையைக் கேளுங்கள். 1863-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கெற்றிஸ்பேர்க் என்னும் ஊரில் மூன்று நாட் போர் முடிந்தபின், ஒதுக்குப்புறமான ஓரிடத்தில் ஒரு வடக்கு வீரரின் உடல் கிடந்தது. கையில் ஒரு கண்ணாடிப் படம். அதிலே மூன்று சிறு பிள்ளைகள். அவர் தம் இறுதி மூச்சுவரை அதனையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது கண்டவர்க்கு விளங்கிற்று. படத்தில் பெயர் ஏதும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது ஒரு வைத்தியரின் கைக்கு வந்தது; அவர் பத்திரிகைகளை நாடினார். அக்காலத்துப் பத்திரிகைகளிற் புகைப்படம் அச்சிட இயலாது. ஆகையால் படத்தைச் சொற்களாலேயே வருணித்தார்கள். இரு பையன்கள், ஒரு பெண். மூத்த பையனின் சட்டையும் பெண்ணின் கவுனும் ஒரே துணி என்பதையும் மறவாமல் எழுதினார்கள்.

நியூயோர்க் மாநிலத்துப் போர்ட்வில் என்ற சிற்றூரில் ஒரு தாய் அதை அறிந்தாள். கெற்றிஸ்பேர்க் போருக்குப் பின் கணவனிடமிருந்து அவளுக்குக் கடிதம் வரவில்லை. ஒரே துணியில் இரண்டு பிள்ளைகளுக்கும் உடுப்புத் தைத்த கைக்கு அந்த வரி எப்படி இருந்திருக்கும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் நான் சொல்லாமலே உணர்வார்கள். படத்தின் பிரதியொன்று அவளுக்கு அனுப்பப்பட்டது. நவம்பர் மாதத்தில், இறந்தவர் ஏமஸ் ஹியூமிஸ்ரன் என்பது உறுதியாயிற்று. ஒரு பெயரை மீட்க ஒரு சட்டைத் துணி போதுமாயிருந்தது.

ஆனால், ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு அத்தகைய துணியும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு வாய்த்தவர் கிளாரா பார்ட்டன் என்னும் அம்மையார். மசாசூசெட்ஸ் மாநிலத்திற் பிறந்து, பள்ளி ஆசிரியையாயிருந்து, பின் வாஷிங்டன் நகரில் அரசாங்கக் கந்தோரொன்றில் எழுதுவினைஞராகப் பணியாற்றியவர். போர் மூண்டதும் மருந்தும் உணவும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போர்க்களங்களுக்கே சென்றார். அங்கே சாகக் கிடந்தவர்கள் அவரிடம் தம் வீட்டாரின் பெயரைச் சொன்னார்கள். வீட்டார் பின்னர் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். 1865-ஆம் ஆண்டு, சனாதிபதி லிங்கனின் ஒப்புதலோடு, காணாமற்போன வீரரைத் தேடும் பணியை அவர் ஏற்றார். வாடகை வீடொன்றின் மூன்றாம் மாடி அறையே அவருக்கு அலுவலகம்.

பணி நடந்த முறை எளிமையானது. தாயோ மனைவியோ சகோதரியோ எழுதும் கடிதத்திலிருந்து பெயரையும் படைப்பிரிவையும் எடுத்து, மாநில வாரியாகப் பட்டியலிட்டு அச்சிடுவார். அப்பட்டியல் பத்திரிகைகளுக்கும் தபாற் கந்தோர்களுக்கும் போகும். போரிலிருந்து மீண்ட வீரர் எவராவது அதைப் பார்த்து, 'இவன் என் பக்கத்திலேதான் விழுந்தான்' என்று எழுதுவார். அந்தச் செய்தி வீட்டாருக்குப் போகும். 1868-இல் அலுவலகம் மூடப்படும்வரை வந்த கடிதங்கள் 63,000-க்கு மேல். கதி தெரியவந்த வீரர் ஏறத்தாழ 22,000 பேர். உயிரோடிருந்த ஒருவன், 'என் பெயரை ஏன் ஊரறியப் போட்டீர்?' என்று சினந்து எழுதினானாம். பெற்ற தாயைக் காத்திருக்க வைத்தவனை அம்மையார் தம் விடையிற் சும்மா விடவில்லை.

அவருடைய பட்டியலைக் கண்டு எழுதியவர்களுள் டொறன்ஸ் அற்வாட்டர் என்னும் இளைஞரும் ஒருவர். கனெற்றிக்கட் மாநிலத்தவர், இருபது வயதுதான். ஜோர்ஜியா மாநிலத்தில், தென்னாட்டார் நடத்திய அன்டர்சன்வில் சிறைமுகாமிற் கைதியாக இருந்தவர். அங்கே அடைபட்ட ஏறத்தாழ 45,000 பேரில் 13,000 பேர்வரை பசியாலும் நோயாலும் மாண்டார்கள். நல்ல கையெழுத்து உடையவர் என்பதால் மரணப் பதிவேடு எழுதும் வேலை அற்வாட்டருக்குக் கிடைத்தது. இந்தப் பதிவேடு வீட்டாரின் கைக்கு ஒருநாளும் போய்ச்சேராது என்று ஐயுற்ற அவர், அதனை இரகசியமாகப் படியெடுத்தார். விடுதலையாகி வருகையில் மேலங்கியின் உட்புறத்தில் மறைத்துக் கொண்டுவந்தார்.

அன்டர்சன்வில்லில் இறந்தவர்களை வரிசையாகக் கிடத்தி, இலக்கமிட்ட முளைகளை நாட்டியிருந்தார்கள். அற்வாட்டரின் ஏட்டிலும் அதே இலக்கங்கள் இருந்தன. இலக்கத்தோடு பெயரைப் பொருத்த வேண்டியதுதான் மிச்சம். 1865-ஆம் ஆண்டு கோடையில் படைத்துறையினரும் பார்ட்டன் அம்மையாரும் அற்வாட்டரும் அங்கே சென்று, ஒவ்வொரு புதைகுழிக்கும் பெயர்ப்பலகை நாட்டினார்கள். ஏறத்தாழ 13,000 குழிகளில் 460 மட்டுமே பெயரின்றி நின்றன. ஆகஸ்ட் 17-ஆம் திகதி அம்மையார் அவ்விடத்திற் கொடியேற்றினார்.

இவ்வளவும் செய்த இளைஞருக்குக் கிடைத்த பரிசு யாது? அந்த ஏடு அரசாங்கத்துக்கே உரியது என்று படைத்துறை வாதிட்டது. வீட்டார்க்குப் போகவேண்டியது என்று அவர் அதனைக் கொடுக்க மறுத்தார். களவுக் குற்றம் சாட்டி, படை நீதிமன்றம் அவரைச் சிறையில் அடைத்தது. சில மாதங்களில் விடுதலையான அவர், 1866-இல் நியூயோர்க் பத்திரிகையொன்றின் துணையோடு அப்பட்டியலை அச்சிட்டு, ஏழைகளும் வாங்கத்தக்க 25 சத விலைக்கு வெளியிட்டார். இறந்தவனின் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில், சிறைக்குப் போன அவர்தாம் வென்றார் என்று நான் நினைக்கிறேன்.

பெயரை மீட்டவை பட்டியல்கள் மட்டுமல்ல. உபகாரச் சம்பளம் கேட்டு விதவைகள் எழுதிய விண்ணப்பங்களும் அத்தகையவையே. தன் கணவன் இன்னான், தன் பிள்ளைகள் இன்னார் என்று ஒவ்வொருத்தியும் நிறுவ வேண்டியிருந்தது. பிறப்பும் இறப்பும் எழுதிவைத்த குடும்ப விவிலிய நூலின் பக்கத்தையே கிழித்து அனுப்பினவர்கள் பலர். அப்பக்கங்கள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்தச் சம்பளம் எவ்வளவு காலம் நீண்டது என்றால், அதனைக் கடைசியாகப் பெற்றவர் இறந்தது 2020-இல். கிழத் தந்தையின் மகளாக 1930-இற் பிறந்த அவருக்கு மாதம் 73 டொலர் 13 சதம் கிடைத்து வந்தது.

வடக்குப் படையிற் சேர்ந்த கறுப்பின வீரர் ஏறத்தாழ 1,79,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் அடிமைகளாயிருந்தவர்கள். அடிமைகளின் திருமணத்தை எந்தப் பதிவேடும் ஏற்கவில்லை. எசமானின் பெயரைப் பட்டமாகக் கொண்டு படையிற் சேர்ந்தவர், விடுதலைக்குப் பின் தந்தையின் பெயரை ஏற்றுக்கொண்டதும் உண்டு. ஆகவே, ஒருவருக்கு இரண்டு பெயர். மனைவிக்கோ அத்தாட்சி இல்லை. அங்கேதான் அயலார் வந்து சத்தியக் கடதாசி கொடுத்தார்கள். கலியாணத்தில் நின்றவர், பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி, அருகில் நின்று சுட்ட தோழன் ஆகியோரின் வாய்மொழிதான் பதிவேடாயிற்று. எழுதப்படிக்கத் தெரியாத பலர் பெயருக்குப் பதிலாகப் புள்ளடி இட்டார்கள். தம் பெயரை எழுத அறியாதவர்கள் பிறர் பெயரைக் காத்துக் கொடுத்தார்கள்! 1998-இல் வாஷிங்டனில் எழுந்த நினைவுச் சின்னத்தில், கறுப்பின வீரரும் அவர்தம் அதிகாரிகளுமாக 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டன.

இந்தப் பணி இன்னும் முடிந்தபாடில்லை. அமெரிக்கச் சிற்றூர்களிலே இளைப்பாறிய ஆசிரியரும் இல்லத்தரசியரும் விடுமுறை நாட்களிற் பழைய மயானங்களில் நடந்து, பாசி படிந்த கற்களை வாசிக்கிறார்கள். மயானப் புத்தகம், ஊர்ப் பத்திரிகையின் மரண அறிவித்தல், வீரரையும் விதவையரையும் தனியே எண்ணிய 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அழியாது எஞ்சிய ஏடுகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்புநோக்குகிறார்கள். ஒரே பெயருடையோர் பலர் இருப்பர். அவசரப்பட்டால் ஒருவரின் கல் இன்னொருவரின் தலைமாட்டில் ஏறிவிடும். தேசியப் பூங்காத் துறை தொகுத்த விவரத் தொகுதியில் 63 இலட்சம் பதிவுகள் உள்ளன. போரிட்டவர் அத்தனை பேரல்லர். ஒருவரே மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாக நிற்கிறார்.

வீரர் ஒருவரின் குழிக்குக் கல் இல்லையாயின் அரசாங்கமே வெண்சலவைக் கல் கொடுக்கிறது. ஆனால், விண்ணப்பிப்பவர் நெருங்கிய உறவினராக இருக்கவேண்டும் என்று 2009-இல் ஒரு விதி வந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்குமுன் பிள்ளையின்றி இறந்தவனுக்கு நெருங்கிய உறவினரை எங்கே தேடுவது? ஊர் ஆராய்ச்சியாளர் விடாது முறையிட்டார்கள். 2016-இல் விதி திருத்தப்பட்டது: முதலாம் உலகப் போருக்கு முந்திய வீரர்களுக்காக யாரும் கேட்கலாம். அயலூரானும் கேட்கலாம் என்பதே அதன் பொருள்.

ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். தென்னாட்டிலும் தாய்மார் அழுதார்கள். அங்கும் பெண்கள் சங்கம் அமைத்துத் தம் பிள்ளைகளின் எலும்புகளைத் தேடி அடக்கினார்கள். அந்தக் கண்ணீரை எவரும் குறை கூறார். ஆனால், பல்லாண்டு கழித்து நகரச் சந்திகளில் எழுந்த சிலைகள் பலவற்றில் இறந்தவனின் பெயரைக் காணோம். அடிமை முறைக்காக நடந்த போரைப் பெருமைக்குரியதாகக் காட்டும் வாசகங்களையே காண்கிறோம். மயானத்துக் கல் அத்தகையதன்று. அதில் இருப்பது ஒரு பேரும், எந்த மாநிலத்துப் படையினன் என்ற குறிப்பும். அதாவது, ஊரும் பேரும். அவனைப் பெற்றவள் கேட்டதும் அவ்வளவே.

அந்த மூன்று பிள்ளைகளின் படத்தை மறுபடியும் நினைத்துப் பார்க்கிறேன். அதன் பின்புறத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தால், அந்தத் தாய் நான்கு மாதங்கள் தபாற்காரனின் வழிபார்த்து நின்றிருக்க வேண்டியதில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். அலுமாரியின் அடியில் இருக்கும் பழைய படங்களை எடுத்து, ஆச்சியின் பக்கத்தில் அமர்ந்து, இவர் யார், எந்த ஊர் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்டதைப் படத்தின் பின்புறத்தில், அழுத்தாமல், பென்சிலால் எழுதிவையுங்கள்.