இறைவன் பெயரால் சொல்லப்படும் பொய்

நிலவில் வௌவால் சிறகு முளைத்த மனிதர்கள் வாழ்கிறார்கள். அங்கே ஒற்றைக் கொம்பு ஆடுகள் மேய்கின்றன. இரண்டு காலில் நடக்கும் நீர்நாய்கள் குடிசை கட்டித் தீ மூட்டுகின்றன. நீலமணிக்கல்லால் ஆன கோவில் ஒன்றும் இருக்கிறது. 1835-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 முதல் ஆறு பகுதிகளாக, நியூயார்க்கின் 'தி சன்' நாளிதழ் இதனைச் செய்தியாகவே வெளியிட்டது. பலர் நம்பினர். ஏனெனில் இவற்றைக் கண்டவராக அவ்விதழ் குறிப்பிட்டது யாரோ ஊர்பேர் தெரியாத ஒருவரை அன்று. அக்கால வானியலின் தலைமகனாகிய சர் ஜான் ஹெர்ஷலை. கட்டுரையை எழுதியவர் ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக் என்னும் பத்திரிகையாளர். ஹெர்ஷலுக்கோ இதைப்பற்றி எதுவுமே தெரியாது.

தெரிந்திருக்க வழியும் இல்லை. அவர் அப்போது ஆப்பிரிக்காவின் தென்கோடியில் இருந்தார். இங்கிலாந்திலிருந்து காண இயலாத தென்வானத்தை முற்றும் ஆராய விரும்பி, மனைவி மார்கரெட்டுடனும் மூன்று குழந்தைகளுடனும் 1833 நவம்பரில் கப்பலேறி, 1834 சனவரியில் நன்னம்பிக்கை முனையை அடைந்தார். கேப் டவுனுக்கு வெளியே ஃபெல்ட்ஹவுசன் என்னும் தோட்ட வீட்டில் 20 அடி நீளத் தொலைநோக்கியை நிறுத்தி, நான்கு ஆண்டுகள் இரவு இரவாக விழித்திருந்தார். எந்த அரசின் ஊதியமும் பெறவில்லை. எல்லாம் சொந்தச் செலவு. 1847-இல் அவர் வெளியிட்ட நூலில் 1,700-க்கு மேற்பட்ட ஒண்முகில்களும் விண்மீன் கூட்டங்களும், 2,100-க்கு மேற்பட்ட இரட்டை விண்மீன்களும் பதிவாகியுள்ளன. இத்தனைக்கும் நடுவே கடிதங்களும் எழுதினார். அக்கடிதங்களைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். ஆனால் அதற்கு முன்பு என் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

குருப்பட்டம் பெற்ற புதிதில், யோசுவா நூலின் 10-ஆம் அதிகாரத்தை விளக்கும் மறையுரை ஒன்றில், நானும் ஒரு 'நிலவுக் கதை' சொன்னேன். நம் வாசகர்கள் பலர் இதனைத் துண்டறிக்கையிலோ, அண்மைக் காலத்தில் கைப்பேசியிலோ படித்திருப்பீர்கள். அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக் கணிப்பொறி கோள்களின் நிலையைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது ஒரு நாள் குறைந்ததாம். அதில் 23 மணி 20 நிமிடம் யோசுவாவின் காலத்தில் கதிரவன் நின்றதாலும், எஞ்சிய 40 நிமிடம் எசேக்கியா அரசனுக்கு அடையாளமாக நிழல் பத்துப் படி பின்வாங்கியதாலும் நிரம்பியதாம். அறிவியலாரே வாயடைத்துப் போனார்களாம். அன்று ஆலயத்தில் எழுந்த மகிழ்ச்சி முணுமுணுப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அது முழுப் பொய். இக்கணக்கின் வேர் 1890-இல் சார்லஸ் டாட்டன் என்பவர் எழுதிய நூலில் இருக்கிறது. அப்போது கணிப்பொறியும் இல்லை, நாசாவும் இல்லை. பிறகு 1970 வாக்கில் ஹெரல்டு ஹில் என்னும் அமெரிக்கப் பேச்சாளர் வழியாக அது விண்வெளி உடை உடுத்திக்கொண்டது. நாசாவே அதனை மறுத்துவிட்டது. மறுப்புக்கூடத் தேவையில்லை, சற்று நின்று சிந்தித்தால் போதும். இன்றைய இயக்கத்தை வைத்துப் பின்னோக்கிக் கணிக்கும் பொறி, காணாமற்போன நாளை எப்படிக் கண்டுபிடிக்கும்? யோசுவாவுக்கு முன்பே வாழ்ந்த ஒருவர், இன்ன நாளில் இன்ன கோள் இன்ன இடத்தில் இருந்தது என்று எழுதி வைத்து, அன்றிலிருந்து இன்றுவரை நாள்களும் விடாமல் எண்ணப்பட்டிருந்தால் அன்றோ ஒப்பிட முடியும்? அப்படி ஒரு குறிப்பு உலகில் எங்கும் இல்லை.

இது பொய் என்பது சில ஆண்டுகளிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆயினும் நான் வாய் திறக்கவில்லை. 'மக்கள் மறந்திருப்பார்கள்', 'அற்பச் செய்திதானே', 'யாருக்கு என்ன கேடு' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஹெர்ஷலின் கடிதங்களைப் படித்தபோது அந்தச் சமாதானம் உடைந்தது. நிலவுக் கதையின் அச்சுப்படி கேப் டவுனுக்கே வந்து சேர்ந்தபோது அவர் முதலில் சிரித்தார். ஆனால் கதை ஓயவில்லை. 1836 ஆகஸ்டு 21 நாளிட்டு, இலண்டனின் 'அதீனியம்' இதழாசிரியருக்கு ஒரு மறுப்புக் கடிதம் எழுதினார். அதன் கருத்து கூர்மையானது: ஒரு கதை மிக அபத்தமானது என்பதற்காகவே அதனை மறுக்காமல் விட்டுவிடுவது தவறான முன்மாதிரி; எல்லாத் திசைகளிலும் எல்லா வடிவங்களிலும் அது திரும்பத் திரும்பச் சொல்லப்படும்போது, பெயர் இழுக்கப்பட்டவர் பேசித்தான் ஆகவேண்டும். எழுதினார், ஆனால் அனுப்பவில்லை. அக்கடிதம் அவருடைய தாள்களுக்குள்ளேயே தங்கிவிட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரே ஆய்வாளர் கண்ணில் பட்டது. 1837 சனவரியில், செருமனியின் ஹனோவரில் வாழ்ந்த தம் அத்தை கரோலினுக்கு எழுதும்போது, ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம், செருமானியம் என நான்கு மொழிகளில் அந்த நிலவுப் புரளி தம்மைத் துரத்துகிறது என்று அலுத்துக்கொள்கிறார். அனுப்பப்படாத மறுப்பு மேசை அறையில் கிடந்தது. பொய்யோ கப்பலேறி நான்கு மொழி பேசியது.

'பொய்யாயினும் விசுவாசம் வளர்கிறதே, ஃபாதர்' என்கிறார்கள் நம் அன்பர்கள் சிலர். நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் லாக் பின்னாளில் தந்த விளக்கத்தை அவர்கள் கேட்க வேண்டும். தாமஸ் டிக் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுச் சமய எழுத்தாளர் அந்நாளில் பெரும் புகழ் பெற்றிருந்தார். படைத்தவரின் மாட்சியைப் போற்றும் ஆர்வத்தில், கோள்கள் அனைத்திலும் மக்கள் குடியிருப்பதாக எழுதினார். பின்னர் ஒரு நூலில் சூரிய மண்டலத்தின் மக்கள் தொகையை ஏறத்தாழ 22 இலட்சம் கோடி எனக் கணக்கும் போட்டுக் காட்டினார். இத்தகைய பக்திக் கற்பனைகளை நையாண்டி செய்யவே தாம் அக்கதையைப் புனைந்ததாக லாக் கூறினார். (நையாண்டி என்று வாசகர்களுக்கு விளங்காமற் போனது தனிக்கதை; இதழின் விற்பனைக்கு அது இடையூறாக இருக்கவில்லை.) பக்தர் ஒருவரின் ஆதாரமற்ற பேச்சு எங்கே கொண்டு விடுகிறது என்று பாருங்கள். விசுவாசம் நகைப்புக்கு உள்ளானது. மெய்யாகவே உழைத்த அறிஞரின் பெயர் சேற்றில் இழுக்கப்பட்டது.

கிறிஸ்தவர் அல்லாதார் நன்கு அறிந்திருக்கும் இயற்கைச் செய்திகளில் நாம் மறைநூலின் பெயரால் உளறினால், உயிர்ப்பைப் பற்றியும் நிலைவாழ்வைப் பற்றியும் அதே மறைநூல் சொல்வதை அவர்கள் எப்படி ஏற்பார்கள் என்று புனித அகுஸ்தினார் தொடக்கநூல் விளக்கத்தில் கேட்டுப் பதினாறு நூற்றாண்டுகள் ஆகின்றன. கடவுளுக்காகவா பொய் பேசுகிறீர்கள் என்று யோபு தம் நண்பர்களைக் கேட்டது அதற்கும் முந்தியது. எட்டாம் கட்டளையில் 'நல்ல நோக்கத்திற்காகத் தவிர' என்னும் விதிவிலக்கு இல்லை.

'அப்படியானால் அறிவியலாரிடம் மண்டியிடச் சொல்கிறீரா?' என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. ஹெர்ஷலின் இன்னொரு கடிதத்தைப் பாருங்கள். 1836 பிப்ரவரி 20 அன்று புவியியல் அறிஞர் சார்லஸ் லையலுக்கு எழுதியது. அழிந்த உயிரினங்களின் இடத்திற்குப் புதியவை எப்படி வருகின்றன என்பதை மறைபொருள்களுள் மறைபொருள் எனக் குறிப்பிட்டு, படைத்தவர் இதிலும் இடைநிலைக் காரணங்களின் வழியாகவே செயலாற்றுகிறார் என எண்ண இடமுண்டு என்கிறார். உலகின் வயதைப் பற்றிப் பேசுகையில், மறைநூலின் காலக்கணக்கைத் தாக்க வேண்டியதில்லை. ஆனால் நேர்மையான ஆய்வில் உண்மையெனத் தெரிவதோடு இசையுமாறு அதற்குப் பொருள் காண வேண்டும். ஏனெனில் உண்மை இரண்டாக இருக்க முடியாது என்கிறார். இவர் ஆங்கிலிக்கன் சபையினர்; ஆயினும் 1870-இல் முதல் வத்திக்கான் சங்கம் நம்பிக்கையும் அறிவும் ஒன்றையொன்று மெய்யாக முரண்பட இயலாது என்று அறிவித்ததை நினைவுகூர்ந்தால், வேற்று வீட்டில் ஒலித்த நம் வீட்டுக் குரலாகவே தோன்றுகிறது. இதே கடிதத்தைக் காட்டி, 'பார், கடவுள் தேவைப்படவில்லை' என்று சொல்லும் பகுத்தறிவாளரும் உண்டு. அவர்கள் கடிதத்தை முழுவதும் படிக்கவில்லை என்பதே என் விடை.

ஆயினும் எனக்கு மிகவும் பிடித்தது அத்தையோடு நடந்த கடிதப் போக்குவரத்துதான். கரோலின் ஹெர்ஷல் தாமே எட்டு வால்மீன்களைக் கண்டுபிடித்தவர். அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. விருச்சிகத்தின் அடிப்பகுதியில் ஏதோ விந்தை இருப்பதாகத் தம் மறைந்த அண்ணன் கருதியதை நினைவூட்டி, அங்கே நன்றாகத் தேடு என்று மருமகனை ஏவினார். 1835 பிப்ரவரியில் பதில் போயிற்று: விருச்சிகத்தைத் துருவிப் பார்த்தேன், மிகச் சிறிய விண்மீன்கூட இல்லாத வெற்றிடங்கள் பல இருக்கின்றன. அவ்வளவே. முதிய அத்தையை மகிழ்விக்க ஓர் அற்புதத்தைச் சேர்த்துச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவை வெற்றிடங்கள் அல்ல, பின்னுள்ள ஒளியை மறைக்கும் தூசி முகில்கள் என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. அவர் இல்லாததை இட்டு நிரப்பாமல் கண்டதை மட்டும் எழுதியதால், பின்வந்தோர்க்கு அது பயன்பட்டது.

சென்ற தவக்காலத்தில் எங்கள் பங்கைச் சேர்ந்த பொறியியல் மாணவர் ஒருவர் அறைக்கு வந்தார். கையில் அதே நாசாக் கதை. எங்கள் ஆலய வாசலில் யாரோ வழங்கியது. "இது பொய் என்று உங்களுக்குத் தெரியுமா, ஃபாதர்?" என்றார். தெரியும் என்றேன். "எவ்வளவு நாளாக?" என்றார். பத்து ஆண்டுகளுக்கு மேலாக என்று சொல்ல நேர்ந்தது. "அப்படியானால் கல்லறை காலியாக இருந்தது என்று நீங்கள் சொல்வதை மட்டும் நான் எந்தக் கணக்கில் வைப்பது?"

அடுத்த ஞாயிறு, அறிவிப்புகளுக்கு முன்பாக, நான் முன்னொரு காலத்தில் சொன்ன கதையைப் பெயர் குறிப்பிட்டு மறுத்தேன். ஆலய வாசலில் அத்தகைய தாள்களைத் தர இனி இசைவு இல்லை என்றும் சொன்னேன். சிலர் முகம் சுளித்தனர். நெடுநாள் செபக்குழுவில் இருக்கும் பெரியவர் ஒருவர், "இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம், ஃபாதர்" என்று கூறிவிட்டுச் சென்றார். அந்த மாணவர் கடைசி இருக்கையில் இருந்தார். அவருடைய கேள்விக்கு நான் இன்னும் முழுமையாக விடை சொல்லி முடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் வருகிறார். மாற்கு நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கிறோம்.