பாத்தி கட்டப் பிள்ளைக்கு யார் பழக்குவது?

க.பொ.த. சாதாரண தரத்தில் விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும் ஒரு விருப்பப் பாடம். மண்ணைத் தொடாமலே அதில் சித்தியடைந்துவிடலாம். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது போதாது. பலர் தோட்டக் காணியில்லாமலே வளர்ந்தவர்கள். காணி திரும்பக் கிடைக்கும்போது வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாற அவர்களுக்கு யார் பழக்குவது?

தோட்டம் செய்தால் மட்டும் போதுமா? குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். அளவுக்கு மிஞ்சிப் போடும் யூரியா தண்ணீரோடு கீழிறங்கி, நைத்திரேற்றாகக் கிணற்றில் சேர்கிறது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாண்டினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கே ஆபத்து அதிகம். அந்தப் பாலையும் கிணற்றுத் தண்ணீரில்தானே கரைக்கிறோம்! தோட்டமும் அடுப்படியும் ஒரே கிணற்றில் சந்திப்பதை, பாடசாலைக் கிணற்றடியில் வைத்தே படிப்பிக்கலாம்.

ஆசிரியருக்குப் புத்தகம் தெரியும். மண்வெட்டி பிடித்தவர்கள் நீங்கள். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதிபரிடம் கேளுங்கள்: கிழமைக்கு ஒரு பாடவேளை, வளவில் ஒரு துண்டு நிலம், பழக்குவதற்கு அனுபவமுள்ள ஒரு கமக்காரர். அவருக்கு ஒருநாள் கூலி கேட்பதிலும் தவறில்லை.