நடைக்குக் கால் வந்ததா?

"குளங்கள் வற்றின, மீன்கள் நிலத்திலே நடக்க விரும்பின, நடப்பதற்காக அவற்றின் செட்டைகள் கால்களாயின." முதுகெலும்புள்ள உயிர்கள் நீரைவிட்டு நிலம் புகுந்த வரலாற்றைக் கேட்டால் மாணவர் பெரும்பாலும் இவ்வாறே விடை எழுதுவர். ஆசிரியருள்ளும் இவ்வாறு கற்பிப்போர் உளர். இவ்வாக்கியத்திலுள்ள பிழை விலங்கியலைச் சார்ந்தது மட்டுமன்று, வேற்றுமையையும் சார்ந்தது. ஆதலின் தமிழாசிரியன் ஒருவன் இதுபற்றிச் சில கூறுதல் பொருந்தும்.

நான்காம் வேற்றுமைக்கு நன்னூலார் வகுத்த பொருள்களுள் அதுவாதல் ஒன்று, பொருட்டு மற்றொன்று. 'மோதிரத்துக்குப் பொன்' என்புழிப் பொன்னே மோதிரமாகின்றது. 'கூலிக்கு வேலை' என்புழிக் கூலியை நோக்கி வேலை நடைபெறுகின்றது. 'காலுக்குச் செட்டை' என்றால் அது அதுவாதல், உண்மையுமாகும். 'நடைக்குக் கால்' என்றால் அது பொருட்டு. அங்கே ஒரு நோக்கம் புகுந்துவிடுகின்றது. மீனின் செட்டைக்கு நோக்கம் ஏது?

கற்களிற் பதிந்த உயிர்ச்சுவடுகள் கூறுவதைக் கேட்போம். யூஸ்தெனொப்தெரன் என்னும் பழைய மீன் நீந்தி வாழ்ந்தது. எனினும் அதன் முன்செட்டையுள் நம் கையிற்போலவே முதலில் ஓர் எலும்பும், அடுத்து இரண்டு எலும்புகளும் இருந்தன. கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் 2004 ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட திக்தாலிக் ஏறத்தாழ முப்பத்தேழரைக் கோடி ஆண்டுப் பழமையுடையது. அதன் செட்டையில் மணிக்கட்டை ஒத்த மூட்டும் உண்டு. மீனுக்குரிய கதிர்களும் உண்டு.

எல்லாவற்றினும் தெளிவான சான்று கிழக்குக் கிறீன்லாந்திற் கிடைத்தது. 1987 ஆம் ஆண்டில் ஜெனி கிளாக் என்னும் ஆங்கில அறிஞரின் குழுவினர் அங்கு அக்காந்தொஸ்தேகாவின் எலும்புகளை அகழ்ந்தெடுத்தனர். அதன் முன்காலில் எட்டு விரல்கள் இருந்தன. ஆனால் அது செவுளுடையது; வாலிலே செட்டையுடையது; உடற்பாரத்தை நிலத்திலே தாங்கவல்ல மணிக்கட்டு அதற்கு இல்லை. விரல்கள் வந்துவிட்டன; நில நடை இன்னும் வரவில்லை.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க அறிஞர் அல்பிரெட் ரோமர், வற்றுங் குளத்தை விட்டு வேறு நீர்நிலை தேடிய உயிர்களுக்கே கால்கள் உதவின என்றார். அவர்தாமும் விருப்பத்தைக் காரணமாகக் கூறினாரல்லர். இன்றோ, செடியடர்ந்த ஆழமற்ற நீரில் அடித்தரையை ஊன்றித் தள்ளவல்லவை பிழைத்துப் பெருகின என்பதே அறிஞர் பலரின் கருத்து.

போலந்து நாட்டுப் பாறையொன்றிற் காணப்பட்டு 2010 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட சுவடுகள் ஏறத்தாழ முப்பத்தொன்பது கோடி ஆண்டுப் பழமையுடையன. அவை நாற்கால் உயிரின் அடிச்சுவடுகளே எனின், திக்தாலிக் நம் நேர்ப் பாட்டனாகாது. பாட்டன் வழியிற் பிறந்த உறவினராகும். இதனாற் காலக்கணக்கு மாறலாம். செட்டையே காலாயிற்று என்பது மாறாது. சிறு மீன்களின் செட்டைக் கதிர்களும் எலிகளின் விரல்களும் உருவாவதற்கு ஒரே குடும்பத்து மரபணுக்கள் வேண்டும் என்பதை 2016 ஆம் ஆண்டில் வெளியான சிக்காகோ ஆய்வும் காட்டியது.

"பிள்ளைகளுக்கு எளிமையாகச் சொல்ல வேண்டாமா? ஓர் உருபுக்காக இத்துணை வாதமா?" என்று நண்பர் சிலர் வினவக்கூடும். எளிமை வேண்டும், பொய் வேண்டா. தேவை வந்தால் உறுப்பு முளைக்கும் என நம்பும் மாணவன் இயற்கைத் தேர்வை ஒருநாளும் விளங்கிக்கொள்ளான். நீந்துதற்கு இறகும், பறத்தற்குச் சிறகும் தாமே வந்தன என்றே அவன் எழுதிச் செல்வான். நாமும் புள்ளி இட்டுக்கொண்டே செல்வோம்.

'நீரிலே தோன்றிய கால்கள் பின்னர் நிலத்திலே நடக்கவும் உதவின.' இவ்வாக்கியம் முன்னையதினும் கடினமன்று, நீளமுமன்று. விஞ்ஞான ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையில் எழுதுவார்களாக. மாணவனின் விடைத்தாளில் 'நடப்பதற்காக' என்று கண்டால், தமிழாசிரியரும் தயங்காது சிவப்பு மையைத் தொடுவாராக.